எண்பத்து மூன்றில் நின்ற வண்டி

அந்தக் காரை நான் முதலில் அருவருத்தது அதன் இருக்கைகளுக்காக. மாட்டுத் தோல். "ஒரிஜினல் தோல்ப்பா, பன்னிரண்டு வருசம் ஆகியும் ஒரு வெடிப்பு இல்ல, பாத்தியளா" என்று என் மகன் தடவியும் காட்டினான். பெங்களூரில் எவரோ ஒரு செல்வந்தர் ஓட்டிச் சலித்து விற்க, இவன் வீட்டுக்காக வாங்கிவந்த வெளிநாட்டு வண்டி அது. முட்டைகூட வாசற்படி ஏறாத வீட்டின் முகப்பில், செத்த மாட்டின் தோலைத் தைத்துப் போட்ட பெட்டி ஒன்று வந்து நின்றது. மூன்று வேளையும் திருநீறு தரிக்கும் உடம்பை அதில் கிடத்த மனம் ஒப்பவில்லை. பத்தமடைப் பாய் ஒன்றை விரித்து, அதன்மேல்தான் உட்கார்ந்தேன். அப்படியும் வெயில் ஏறியதும் அந்தத் தோலின் வாடை பாயைத் தாண்டி வந்தது.

இரண்டாவதாக நான் வெறுத்தது அதன் திரையை. அதிலிருந்த வரைபடமும் வண்டியைப் போலவே பழையது. நான்குவழிச் சாலையை வயல் என்று நம்பிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் திரும்பு, திரும்பு என்று ஆங்கிலத்தில் கண்டிக்கும். அது போதாதென்று, கால்மணிக்கு ஒருமுறை மணியடித்து ஏதோ பழுது என்று சிவப்பு எழுத்துக் காட்டும். பழுது ஒன்றுமில்லை, உள்ளிருக்கும் மென்பொருள்தான் பழையதாகிவிட்டது என்றார்கள் மதுரையில் பார்த்தவர்கள். பொய்யை மணியடித்துச் சொல்லும் ஒரு பொருளை வீட்டில் வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் பொறுத்தேன். காரணம் என் அக்காள்.

கல்லிடைக்குறிச்சியில் தன் மகள் வீட்டில் இருக்கிறாள். எண்பத்து நான்கு வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆணி வைத்த பிறகு அவளால் வலக்காலை மடக்க முடியாது. எந்த வண்டியிலும் ஏற்ற முடியாதவளை இந்த வண்டி மட்டும் ஏற்றுக்கொண்டது. அதன் முன்னிருக்கை ஒரு பொத்தானைத் தொட்டால் தானே பின்னால் நகர்ந்து, ஏறக்குறையப் படுக்கையாகும். மருத்துவமனையிலிருந்து அதில் வந்தவள், "தொட்டில்ல போட்ட மாதிரி இருக்குலே" என்றாள். அந்த மணிதான் அவளை நடுக்கியது. அடிக்கும்போதெல்லாம், "யாரோ கூப்பிடுதாங்கலே, யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இரண்டு ஆண்டுகளாக அவள் ஆனித் தேர் பார்க்கவில்லை. இந்த ஆண்டு அழைத்து வருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தேரன்று விடியும் முன்பே வீதிகளை அடைத்துவிடுவார்கள். ஆகவே முந்தின நாள் பிற்பகலிலேயே கூட்டிவந்து வீட்டில் தங்கவைப்பது, காலையில் சக்கர நாற்காலியில் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போவது என்பது ஏற்பாடு. எங்கள் வீடு ரதவீதியிலிருந்து இருபது அடி உள்ளே.

தேருக்காக ஊர் வந்திருந்த மகன், அத்தை பயப்படக் கூடாது என்று, அன்று காலையிலேயே அந்த மென்பொருளைப் புதுப்பித்துவிடத் துணிந்தான். மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிளை வண்டியின் வயிற்றில் சொருகினான். பேட்டரி இறங்கிவிடாதிருக்க, முகப்புச் சுவரிலிருந்த பிளக்கில் ஒரு சார்ஜரை மாட்டி வண்டியோடு இணைத்தான். வீட்டு இன்வெர்ட்டர் விசிறிக்கும் விளக்குக்கும் மட்டுமே. அந்தப் பிளக்குக்கு அது கிடையாது. எல்லாம் மாட்டியபின் பூசையறை வாசலில் வந்து நின்றான்.

"அப்பா, இன்னைக்குக் கரண்டு நிறுத்துவாங்களா? நடுவுல போச்சுன்னா வண்டி செத்துரும். ஒன்றரை மணிநேரம் வேணும்."

நான் பதிகத்தில் ஏழாவது பாட்டில் இருந்தேன். அவன் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. விடையும் தெரியும். தேருக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு, ரதவீதியின் குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்ப்பதற்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். இது எனக்கு எழுபது ஆனி மாதங்களாகத் தெரியும். ஆனால் எடுத்த பதிகத்தை இடையில் நிறுத்திப் பேசுவது எங்கள் வீட்டில் இல்லை. கையை வீசினேன். பொறு, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பது அதன் பொருள். இல்லை, நிறுத்தமாட்டார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மீதமிருந்தவை நான்கே பாட்டுகள். அதற்குள் ஒன்றும் முழுகியிருக்காது; அப்போது சொல்லியிருந்தால்கூட ஒரு ஜெனரேட்டரை வரவழைக்க நேரம் இருந்திருக்கும். ஆனால் அன்று குரல் நன்றாக வந்தது. பல மாதங்களாகப் பிடிபடாமலிருந்த பண் அன்று தானாக வந்து அமர்ந்தது. பதினோராவது பாட்டு முடிந்ததும் எழவில்லை. இன்னொரு பதிகத்தை எடுத்தேன். கேட்டவன் வாசலில் இல்லை என்பதையும் கண்டேன். கண்டும் பாடினேன். இறைவனுக்காகப் பாடினேன் என்று இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை; சொன்னால் நாக்கு அழுகும்.

நான் வெளியே வந்தபோது மணி பத்தாக ஏழு நிமிடம். திரையில் எழுபது விழுக்காடு. அணைக்காதே என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"பத்து மணிக்குக் கரண்டு போகும்" என்றேன்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதான இல்லன்னு கைய ஆட்டுனீங்க?"

"பாடிட்டிருந்தேன்."

"நிறுத்த முடியாதுப்பா. இப்ப நிறுத்துனாலும் செத்துரும்."

தெருமுனைக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்பதை வேட்டி தடுக்கியபோதுதான் உணர்ந்தேன். மின்கம்பத்தின் அடியில் ஒருவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் கம்பி அவிழ்க்க வருகிறவர்தான்.

"தம்பி, ஒரு அரைமணிநேரம் பொறுக்கணும்."

"எதுக்கு அண்ணாச்சி? வீட்டுல யாருக்காவது ஆக்சிஜன் மெஷினு வச்சிருக்கா?"

ஆம் என்று சொல்ல ஒரு கணம் நாக்கு எழுந்தது. அதை விழுங்கிவிட்டு, "காருக்குள்ள சாப்ட்வேர் ஏறுது" என்றேன்.

அவர் கையுறையை மாட்டுவதை நிறுத்தினார். மேலே ஏணியில் நின்றவனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, கேட்டியா? அண்ணாச்சி காருக்குப் பாடம் நடக்காம். முடியுத வரைக்கும் சாமி தேரு நிக்கணுமாம்!"

மேலிருந்தவன் சிரித்தான். "கார் பாஸாயிருமா அண்ணாச்சி?"

"அரைமணி இல்லாட்டி ஒரு கால்மணி" என்றேன்.

"அண்ணாச்சி, நாலு வீதியும் ஒரே லைன். சப்ஸ்டேஷனுக்குப் போன்ல சொல்லியாச்சு, அங்கன ஆஃப் பண்ணப் போறாவ. நீங்களே வந்து இப்பிடிக் கேட்டா எப்பிடி? தேவாரமெல்லாம் பாடுத ஆளு."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை என் மேல் காறி உமிழ்ந்தது போலிருந்தது. தேருக்கு வழிவிட ஊரே தன் கம்பிகளை அவிழ்க்கிறது. நான் ஒருவன், தோலும் இரும்பும் கலந்த ஒரு பண்டத்துக்காகத் தேரின் வழியை மறித்துக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அதுவரை அந்த வண்டியின்மேல் இருந்த குமட்டல் எல்லாம் அந்த இடத்தில் என் பக்கம் திரும்பியது. தோலின் வாடையைப் பாய் விரித்துத் தடுக்கப் பார்த்தவன் நான். இதற்கு எதை விரிப்பது?

திரும்பி வந்தபோது சார்ஜரின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பழைய பேட்டரி ஆறு நிமிடம் தாங்கியது. எண்பத்து மூன்றில் திரை கறுத்தது. அதன்பின் சாவிக்கு அது அசையவில்லை. இருக்கை நகரவில்லை. நியூட்ரலுக்குக்கூடப் போகவில்லை, தள்ளவும் முடியாது. மதுரையிலிருந்து ஆள் வருவதற்கே மூன்று நாளாகும் என்றார்கள்.

மகன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கேபிளை மெல்ல உருவிச் சுற்றி வைத்துவிட்டு, "அத்தைட்ட நான் பேசட்டாப்பா?" என்றான். வாடகைக்கு வேறு வண்டி தேடி நாலு இடத்தில் கேட்டிருந்தான். எதிலும் அவள் கால் நீளாது.

வேண்டாம் என்று நானே பேசினேன். புடவை மாற்றி, திருநீற்றுச் சம்புடத்தையும் மாத்திரைகளையும் பையில் எடுத்து வைத்து, காலை எட்டு மணியிலிருந்து அக்காள் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருப்பதாக அவள் மகள் சொன்னாள். அக்காள் தொலைபேசியை வாங்கியதும் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், இரண்டாவது பதிகம் உட்பட.



"கைய வீசாம வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாமி கோவிச்சுக்குவாரோ?" என்றாள்.

"இல்லக்கா."

"அந்த ரெண்டாவது பதிகம் நல்லா வந்துதா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "வந்துது."

"வரும், வரும். கேக்க ஆளில்லாட்டியும் ஒனக்குக் கேட்டாப் போதும்லா." பையைத் திறந்து எதையோ வெளியே எடுத்து வைக்கும் ஓசை கேட்டது. "அடுத்த வருசம் பாப்போம்க்கான்னு மட்டும் சொல்லிராதலே. எனக்கு அது கேக்க முடியாது."

நான் அதைச் சொல்லத்தான் வாயெடுத்திருந்தேன்.