ராமர் பச்சை தேடி விருதுநகருக்கு

காலை ஆறரைக்கெல்லாம் ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றுவிட்டோம், நானும் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் என் வெள்ளைச் சட்டை ஒன்று, அவளுடைய சந்தன நிறக் கைத்தறிச் சேலை ஒன்று, தீப்பெட்டி அளவில் பச்சைத் துணித்துண்டு ஒன்று. இதற்கா ஒரு பயணம் என்று கேட்பீர்கள். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பச்சைத் துண்டு ஆமத்தூரிலிருந்து வந்தது. அங்கேதான் என் மகள் செல்வியைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் மகள் மாரீஸ்வரிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். இப்போதெல்லாம் வீட்டு விசேஷம் என்றால் குடும்பமே ஒரே கலரில் நிற்க வேண்டுமாம். ராமர் பச்சை என்று பேத்தி முடிவுசெய்து, தன் ரவிக்கைத் துணியில் துண்டு வெட்டி அனுப்பியிருந்தாள். செல்வி போனில், "ஒங்க ரெண்டு பேருக்கும் நானே எடுத்துருதேன்ப்பா" என்றாள். ஏற்கெனவே கடன் வாங்கித்தான் விசேஷம் வைக்கிறாள். பேச்சி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "எடுத்தாச்சும்மா, எடுத்தாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எடுக்கவில்லை. பஸ் செலவு போக எங்கள் கையில் இருந்தது ஐந்நூறு ரூபாய். புதுச் சேலையும் சட்டையும் வாங்கப் போனால் அதைப்போல நாலு மடங்கு வேண்டும். பேச்சி வேலைபார்க்கும் வெடிக் கம்பெனியில் ஒரு பெண், விருதுநகரில் பழைய சேலைக்குச் சாயம் போட்டதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் இந்தப் பயணம். சாயம் பிடிக்காவிட்டால் நிச்சயத்துக்குப் போட்டுப்போக என்னிடம் வேறு நல்ல சட்டை கிடையாது.

டவுன் பஸ் வந்தது. கம்பெனி வேன்கள் எதிரே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கண்டக்டர் பேச்சிக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் இருபது ரூபாய் கேட்டார்.

"இவுகளுக்கும் ஒரு சேலையக் கட்டிக் கூட்டியாந்திருக்கலாம்" என்றாள் பேச்சி.

"மீசைய என்ன செய்வீக பாட்டி?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

எங்கள் வீட்டில் சட்டைக்கு ஒரு நடைமுறை உண்டு. புதிதாக எடுத்த சட்டை முதலில் எனக்கு, நல்லது கெட்டதுக்குப் போக. வெளுத்த பிறகு அதையே கம்பெனிக்குப் போட்டுப் போவேன். காலர் நைந்ததும் பேச்சிக்குப் போகும். வெடி வேலை பார்க்கும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம், வெடிமருந்துத் தூசி சேலையில் படாது. அவளும் போட்டுக் கிழித்த பிறகு அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகும். பைக்குள் இருந்த சட்டைக்கு அவள் போன தீபாவளிக்கே சொல்லி வைத்திருந்தாள். "எனக்கு வர வேண்டியத சாயத்துல முக்கப் போறீக" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தாள்.

எட்டு மணிக்குச் சிவகாசி. டீ குடித்துவிட்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறினோம். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். திருத்தங்கல் தாண்டி ஆமத்தூர் வந்ததும் பேச்சி முந்தானையை முகத்தில் இழுத்துப்போட்டுக் குனிந்துகொண்டாள்.

"என்னளா செய்யுது? தலை சுத்துதா?"

"சும்மா இருங்க. செல்வி பால் வாங்க இங்கனதான் வருவா. பாத்துட்டா எங்க போறீகன்னு கேப்பா."

பஸ் கிளம்பும்வரை நானும் குனிந்துகொண்டேன். வயதான காலத்தில் பெற்ற மகளுக்குப் பயந்து ஒளிவதும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

விருதுநகரில் தெப்பத்தைத் தாண்டி, பருப்புக் கடைகளைத் தாண்டி, நாலு பேரிடம் வழி கேட்டு ஒரு சந்துக்குள் போனோம். போர்டு எதுவும் இல்லை. சந்தின் சாக்கடையில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. இடம் இதுதான் என்று தெரிந்துகொண்டேன். உள்ளே இரண்டு அண்டாக்கள் விறகடுப்பில் கொதித்தன. கையெல்லாம் நீலமாக ஒருவர் துணியைக் கம்பால் கிண்டிக்கொண்டிருந்தார்.

அடுப்புக்கு ஒட்டினாற்போல் பொடி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. பேச வந்ததை மறந்து, இரண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் வைத்தேன். மூன்றாவதற்கு வரும்போது சாயக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீக?"

"நெருப்புக்குப் பக்கத்துல பொடிய வைக்கலாமா தம்பி?"

"இது சாயப்பொடி. வெடிக்காது." என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிவகாசிப் பக்கமா?"

"ஏழாயிரம்பண்ணை. நாப்பது வருசம் வெடிக் கம்பெனி."

பையைப் பிரித்துச் சட்டை, சேலை, பச்சைத் துண்டு மூன்றையும் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். சட்டை ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினார். சாம்பலாக உதிர்ந்தது. "சுத்தப் பருத்தி" என்றார். "நைலான் கலந்திருந்தா உருண்டு கட்டியாயிரும், சாயமும் ஏறாது."

கம்பெனி கேட்டில் தினமும் துணியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பளபளப்புத் துணி கூடாது, உரசினால் பொறி வரும். வெள்ளியாய் மின்னும் சட்டை ஒன்று போட்டுப் பார்க்க எனக்கு வாலிபத்தில் அவ்வளவு ஆசை. நடக்கவே இல்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப ஒங்க பெட்டியில கிடக்குற அம்புட்டும் சாயத்துக்கு ஆகும். கொடுத்து வச்ச ஆளு நீங்க" என்று சிரித்தார் சாயக்காரர். பிறகு தையலைத் தடவினார். "ஒண்ணு சொல்லிருதேன். துணி பருத்தி, தையல் நூல் பருத்தி இல்ல. அது வெள்ளையாவே நிக்கும். பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

"பச்சைச் சட்டையில வெள்ளைத் தையலா? சம்பந்தகாரங்க சிரிப்பாக" என்றாள் பேச்சி. "வேணாங்க. வெள்ளையாவே போட்டுட்டு ஓரமா நில்லுங்க."

ஓரமாக நிற்பதா! பேத்தி துண்டு வெட்டி அனுப்பியிருக்கிறாள். "போடு தம்பி" என்றேன்.

சட்டைக்கு நூறு, சேலைக்கு இருநூறு. கல்லுப்பை அள்ளிப் போட்டு, பொடியைக் கரைத்து ஊற்றி, இரண்டையும் அமுக்கினார். ரொம்ப நேரம் கழித்துக் கம்பில் தூக்கினால், கன்னங்கரேல் என்று வந்தது. பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கருப்பாயிருச்சே! இருந்ததும் போச்சே!"

"ஈரத்துல அப்படித்தான் இருக்கும்க்கா. காயட்டும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு வந்தது. மத்தாப்புக்குப் பச்சை மருந்து கலக்கும்போது அது வெள்ளையாகத்தான் இருக்கும். பற்றவைக்கும்வரை எந்தக் கலர் என்று யாருக்கும் தெரியாது. அந்த வேலையிலேயே கிடந்தவனுக்கு ஒரு மத்தியானம் காத்திருப்பது பெரிதா?

அதற்குள் எண்ணெய்ப் பரோட்டா தின்றோம். பேச்சி கவலையோடு மூன்று தின்றாள். திரும்பி வந்து, சாயக்காரர் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டிருந்த துணிகளில் பேத்தியின் துண்டை வைத்து வைத்துப் பார்த்தேன். வெயில் ஏற ஏறக் கருப்பு கழன்று, மூன்று மணிக்குச் சட்டையில் வைத்த துண்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. சேலை மட்டும் ஒரு பொட்டு மஞ்சள் தட்டியது. இஸ்திரிக் கடையில் முப்பது ரூபாய்க்குத் தேய்த்து வாங்கி, திரும்பி வந்து சாயக்காரர் இடத்திலேயே மாற்றி உடுத்திக்கொண்டோம்.

கிளம்பும்போது சாயக்காரரிடம் கேட்டேன், "தம்பி, ஒங்க தொழில்ல எந்தக் கலர் கஷ்டம்? எங்க மருந்துல நீலம்தான் லேசுல வராது. வெளுத்துப் போயிரும்."

அவர் தன் கைகளைக் காட்டினார். "எனக்கு நீலம்தான் அண்ணாச்சி லேசு. வேணாம்னாலும் ஒட்டிக்கிடும்."

ஆமத்தூரில் இந்தத் தடவை தைரியமாக இறங்கினோம். செல்வி வீட்டு வாசலில் நின்ற மாரீஸ்வரி என் சட்டையையே பார்த்தாள். தையல் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டேன்.

"தாத்தா, எந்தக் கடையில எடுத்தீக? தையல் மட்டும் வெள்ளையா, சூப்பரா இருக்கு! நிச்சயத்துக்கு அவுக போடுறதுக்கு இப்படித்தான் தேடினேன், எங்கயும் கிடைக்கல."

நான் வாயைத் திறக்குமுன் செல்வி வந்து என் காலரைத் திருப்பிப் பார்த்தாள். "நான் போன வருசப் பொங்கலுக்கு எடுத்துத் தந்த சட்டைல்ல இது? எம்மா, எடுத்தாச்சுன்னு சொன்னீக?"

"எடுத்தோம்தான்" என்றாள் பேச்சி. "பெட்டியில இருந்து."

செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் சேலை முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயம் போயிருமோ?" என்று முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள். போகவில்லை. மாரீஸ்வரி, மாப்பிள்ளையின் வெள்ளைப் பருத்திச் சட்டையை வாங்கி வைக்கிறேன், அதற்கும் சாயம் போட்டுத் தர வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆக, வெள்ளிக்கிழமை மறுபடி விருதுநகர்.

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. காலையில் பூட்டிய அதே பெட்டிதான், அதே நாலு பழைய வெள்ளைச் சட்டைகள்தான். காலையில் கழித்துப் போட்டவை இப்போது கலர் ஏற்றக் காத்திருக்கும் மருந்து மாதிரி தெரிந்தன. ஒன்றின் காலர் நைந்திருந்தது. பிரித்துத் திருப்பித் தைத்தால் போதும்.

"இது நீலம்" என்று எடுத்து மடியில் வைத்தேன்.

பேச்சி வந்து அதை மடியிலிருந்து எடுத்து, பச்சைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கையை மடக்கிவிட்டாள். "சாயம் போடுங்க. ஆனா இந்தத் தடவ ஒங்களச் சுத்திட்டு எங்கிட்ட வர வேணாம். நீலம் மொதல்ல எனக்கு."