கன்னர் ஆகிப்பிடம் வந்த குடம்

புத்தளத்துக்குப் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியில் ஆகிப்பை எல்லாரும் 'கன்னர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இலங்கை ராணுவத்தில் பீரங்கி இயக்குகிறவனுக்கு அதுதான் பெயர். பதினாறு வருடம் ஆட்லறி என்கிற பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்தவன், இப்போது இரண்டு ஏக்கரில் மிளகாய் போடுகிறான்.

அங்கே மிளகாய்ப் பழம் பறிக்க வருகிறவர் அன்ரனிப்பிள்ளை. வன்னியில் போரில் எல்லாவற்றையும் இழந்து, மகளோடு இங்கே வந்து குடியேறியவர். ஊரார் 'கன்னர்' என்று கூப்பிடுவதை மட்டும் கேட்டு, ஆகிப் பாத்திரம் செய்யும் கன்னார் பரம்பரை என்று நினைத்துக்கொண்டார். ஆகிப் திருத்தவில்லை. அப்படியே விடுவது சுகமாக இருந்தது.

போன தை மாதம் ஒரு காலையில், அன்ரனிப்பிள்ளை உரப்பையிலிருந்து பித்தளைக் குடம் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தார். வயிற்றில் விரல் நுழையும் அளவு ஓட்டை.

"தம்பி, உங்கட ஆக்கள் செய்யிற வேலைதானே. ஒருக்கா அடைச்சுத் தாங்கோ. பேத்திக்குக் கலியாணம், நிறைகுடம் வைக்க வேணும்."

"எப்பிடி ஓட்டையானது, ஐயா?"

"செல் குண்டுத் துண்டு. கடைசிச் சண்டை நேரம் என்ர மனிசி தண்ணி அள்ளிக்கொண்டு வந்தவ. குடம்தான் மிஞ்சினது."

புத்தளம் டவுனில் ஒட்டுவித்து, தானே செய்ததுபோலக் கொடுத்துவிடலாம் என்று ஆகிப் நினைத்தான். மனைவி றைஸாவும் அதைத்தான் சொன்னாள்: "சும்மா குடுத்துட்டு வாங்க. பழசக் கிளறி என்ன கிடைக்கப்போகுது?"

ஒட்டிய குடத்தை வாங்கியதும் அன்ரனிப்பிள்ளை அவன் கையைப் பிடித்தார். "நல்லா இருப்பாய் ராசா."

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இத நான் செய்யல்ல, ஐயா. நான் கன்னாரில்ல, கன்னர். ஆமியில ஆட்லறி அடிச்சவன். கடைசிச் சண்டையிலயும் இருந்தன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "எங்க விழுகுதெண்டு பாக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

"ரேடியோவில இலக்குக்கு நம்பர் வரும். பீரங்கிக் குழாய அதுக்குத் திருப்புவம். ஒரு நாளும் பாத்ததில்ல. பாக்க நினைச்சதும் இல்ல."

"நாங்கள் பாத்தனாங்கள்," என்றுவிட்டு அவர் நடந்தார்.

இனி வரமாட்டார் என்றுதான் ஆகிப் நினைத்தான். மறுநாளே வந்தார், அந்த வயதில் வேறு யார் கூலி கொடுப்பார்கள்? அவன் நின்ற வரிசையை விட்டு மறுகோடியில் போய்ப் பறித்தார். றைஸா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். கலியாணத்துக்கு அவளுக்கு மட்டும் அழைப்புச் சொன்னார்.

இன்றுவரை இருவருக்கும் கதை பேச்சில்லை. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் ஆகிப் தோட்டத்துக்குள் இறங்குகிறான்.