தமிழிலிருந்து தமிழுக்கு

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் ஒரு கார், கூரைமேல் ஒரு பலகை, அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவர் பக்கம் மூன்று பெடல். அத்தான் பக்கம் ஒரே ஒரு பிரேக். பாதி ஆயுளை அவர் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக்மேல் கால் வைத்தே கழித்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காலை எடுப்பதில்லை. நான் மாடியில் இருக்கிறேன். கீழே பேசுவது அநேகமாக எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காவிட்டால் இறங்கிப் போய்க் கேட்பேன்.

போன வருடம் எங்கள் சபையிலிருந்து ஒரு சிறு குழு வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போவதென்று முடிவானது. பத்து நாள் பயணம். பகலில் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், மாலையில் கூட்டத்தில், கர்த்தர் தங்களை எப்படி மாற்றினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். அத்தான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். கர்த்தர் தன்னைத் தூர தேசத்துக்கு அனுப்பப் போகிறார் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அனுப்பினால் நல்லதுதான் என்று அக்காவும் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு அமர்க்களப்பட்டது. தடுப்பூசி போட்டபோது அத்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் ஊசி குத்துகிற எனக்கு இது பழகிய காட்சி. ஆனாலும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்றார்கள். அதில் அவருக்குச் சிரமமே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறுவார், பெட்டி இல்லாமல் ஏறுவார், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார், நம்பாமல் மறுபடியும் ஏறுவார். குழுவில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் கொடுத்தார்கள். அத்தானுக்கு வந்தது வயிற்றுக்குமேல் நின்றுவிட்டது. உபவாசம் இருந்தால் சரியாகிவிடும் என்றார் பாஸ்டர்.

பெட்டியும் ஊசியும் முடிந்தன. சாட்சியில்தான் வண்டி நின்றது.

போகிற நாட்டில் நம் பாஷை தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்ப்பார். எனவே ஒரு வாக்கியம் சொன்னதும் நிறுத்த வேண்டும். அவர் முடித்ததும் அடுத்த வாக்கியம். மைக் கிடைத்தால் மூச்சு விடாமல் பேசுகிற எங்கள் சபையாருக்கு இதற்குப் பயிற்சி தேவை என்று பாஸ்டர் சரியாகவே கண்டுபிடித்தார். அவரவர் வீட்டிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும், தமிழிலேயே. வழியனுப்பும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருவரும் சபைக்கு முன்னால் அப்படியே சொல்லிக் காட்ட வேண்டும். அன்று தடுமாறுகிறவர்கள் அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம். தமிழைத் தமிழில் மொழிபெயர்ப்பது யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை.

ஒரு மாலை, கூடத்தில் ஒத்திகை நடந்தது. அத்தான் பிரிட்ஜ் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு முன்கோபக்காரனாக இருந்தேன்," என்று அத்தான் மேடைத் தமிழில் ஆரம்பித்து, நிறுத்தினார்.

"இவர் முன்கோபக்காரர்," என்றாள் அக்கா. "இருந்தேன்னு சொல்றார்."

"சொன்னத மட்டும் சொல்லு."

"அதத்தான் சொன்னேன். மேல சொல்லுங்க."

"அந்நாட்களில் நான் வைத்ததுதான் சட்டம்."

"இவர் வச்சதுதான் சட்டம். அந்நாட்கள் இன்னும் முடியல."

நான் அதற்குள் மாடிப்படியின் கடைசிப் படிக்கு வந்திருந்தேன்.

"ஆனால் கர்த்தர் என்னை நொறுக்கினார்."

"கர்த்தர் இவரை நொறுக்கினார்." இதை மட்டும் அக்கா ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், திருப்தியாகச் சொன்னாள்.

"இன்று என் குடும்பத்தில் எல்லோரோடும் நான் சமாதானமாக இருக்கிறேன்."

அக்கா ஒரு தலையணை உறையை எடுத்து நான்காக மடித்தாள். அத்தான் காத்திருந்தார். அவள் இன்னொரு உறையை எடுத்தாள்.

"என்ன, சொல்லு."

"அந்த வரிக்கு எனக்கு மொழி வரல," என்றாள் அக்கா.

அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். நான்கு வருடத்துக்கு முன் அத்தானிடமே கார் கற்றுக்கொள்ள வந்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் எங்கள் கேட்டுத் தூணை மூன்று முறை இடித்தவன். நல்ல பையன், பெண் கேட்டு வந்தபோதுகூடத் தூணுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். "கிளட்ச்சை விடத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி ஓட்டுவான்?" என்று கேட்டு அத்தான் எழுந்து போய்விட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். கல்யாணத்துக்கு நானும் அக்காவும் மட்டும் போனோம். பாப்பா இருப்பது கூப்பிடு தூரத்தில். பாங்குக்குப் பின் தெரு. அத்தான் அந்தத் தெருவழியாக யாருக்கும் கார் சொல்லிக்கொடுப்பதில்லை. பாப்பா போன் செய்தால் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "காய்ச்சல்னா டாக்டரப் பாக்கச் சொல்லு" என்பார். அக்கா அதைப் போனில் சொல்லுவாள். பதில் வந்தால் பேப்பரிடம் சொல்லுவாள். மொழிபெயர்ப்பு வேலையை அக்காவுக்குப் பாஸ்டர் ஒன்றும் புதிதாகக் கொடுத்துவிடவில்லை.

"ஞாயித்துக்கெழம சபை முன்னாடியும் இப்படித்தான் நிப்பியா?" என்றார் அத்தான்.

"நிப்பேன். அந்த வரி வரும்போது சும்மா நிப்பேன்."

அவள் செய்வாள். அது அவருக்கும் தெரியும். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று பாஸ்டரிடம் போனார். பாஸ்டர் எங்கள் ஊருக்குப் புதியவர், பாப்பா விஷயம் தெரியாது. "பிரதர், அந்த வரிதான் உங்க சாட்சிக்கே உயிரு" என்று முதுகில் தட்டி அனுப்பினார். அத்தான் திரும்பி வந்து என்னிடம், "நீ வந்து சொல்றியா?" என்றார்.

"நான் வந்தா அக்கா மாதிரி மரியாதையா சும்மா நிக்க மாட்டேன், அத்தான். ஊருக்கு உபதேசம் பண்ண பிளேன் ஏறணும், பொண்ணு வீட்டுக்கு நடந்தே போகலாம்," என்றேன். எனக்கு அவர்மேல் உண்மையிலேயே கோபம். அன்று அவர் பெட்டியை எடை போடவில்லை.

சனிக்கிழமை மாலை கார் கிளம்பும் சத்தம் கேட்டது. "வா," என்று அத்தான் அக்காவைக் கூப்பிட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அத்தான் ஓட்டினார். அக்கா அவருடைய வழக்கமான இடத்தில், அந்த ஒற்றைப் பிரேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாங்கு வந்தது. பாங்கைத் தாண்டி நேராகப் போகப் பார்த்தார் அத்தான். வண்டி குலுங்கி நின்றது. அக்காவின் கால் பிரேக்மேல் இருந்தது.

"திரும்பணும்," என்றாள்.

திரும்பினார். இண்டிகேட்டர் போட மறந்தார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

கதவைப் பாப்பா திறந்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, கையில் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தோடு. அத்தானைப் பார்த்ததும், "சார்," என்று விறைத்து நின்றான். அத்தான், ஒத்திகையில் பிரிட்ஜ் பக்கத்தில் நின்றதுபோலவே நிமிர்ந்து நின்றார்.

"நான் கோபக்காரனாக இருந்தேன்," என்று நிறுத்தினார்.

"கோபக்காரரா இருந்தாராம்," என்றாள் அக்கா.

"உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை."

"வரலையாம்."

"அது எனக்குத் தெரியும்," என்று பாப்பா அம்மாவைப் பார்த்தே சொன்னாள். "இப்ப எதுக்கு வந்திருக்கார்னு கேளும்மா. நாளைக்குச் சாட்சி சொல்லணுமே, அதுக்கா?"

சாட்சி விஷயத்தை அவளுக்குச் சொன்னது நான்தான். வேறு யார் சொல்வார்கள்?

அக்கா திரும்பினாள். "சாட்சிக்காகவான்னு கேக்குறா."

அத்தான் யோசித்தார். பொய் சொல்ல நல்ல வாய்ப்பு அது. "ஆமா," என்றார். "அதுக்காகத்தான் கெளம்பினேன்."

"அதுக்காகத்தான் கெளம்பினாராம்." அக்காவின் குரல் தணிந்துவிட்டது.

அத்தானிடம் இருந்த மேடைத் தமிழ் தீர்ந்துபோயிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பேப்பருக்குப் பின்னாடி உக்காந்து உன் குரலக் கேட்டுக்கிட்டே இருந்தேன், பாப்பா. ஒவ்வொரு தடவையும். போனை என்கிட்ட குடுன்னு கேக்க எனக்குத் தெரியல."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.

"நீ சொல்ல வேணாம்மா," என்றாள் பாப்பா. "எனக்கே கேட்டுச்சு."

மறுநாள் சபையில் அத்தான் வயிற்றுக்குமேல் நின்ற டி-ஷர்ட்டோடு நின்றார், பக்கத்தில் அக்கா. பாப்பாவும் மாப்பிள்ளையும் என் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்கோபம், சட்டம், நொறுக்கியது எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே அக்கா சொன்னாள். அந்த வரி வந்தது.

"இன்று என் குடும்பத்தில் எல்லோரோடும் நான் சமாதானமாக இருக்கிறேன்."

"இன்னைக்கு இவர் குடும்பத்துல எல்லாரோடவும் சமாதானமா இருக்கார்," என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்து, "நேத்து சாயங்காலத்துலேருந்து" என்று சேர்த்துக்கொண்டாள்.

அத்தான் அவளைத் திருத்தவில்லை. அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.