மரக்காணத்தில் நான்கு நிமிடம் ஓடிய எஞ்சின்

மரக்காணம் உப்பளங்களுக்கு எப்படிப் போவது என்று சென்ற பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போய் வந்து ஆறு வாரமாகிறது. இதுவரை எழுதாததற்குக் காரணம், நான் உப்பளம் பார்க்கப் போகவில்லை. என் தம்பி கட்டிய எஞ்சினின் சத்தத்தைக் கேட்கப் போனேன்.

தம்பி சுகுமார் மரக்காணத்தில் ஓர் உப்பு நிறுவனத்தில் பம்புகளைப் பராமரிக்கும் பொறியாளராக இருந்தான். போன வருடம், 2005 ஜூலையில், மாரடைப்பில் போய்விட்டான். முப்பத்தொன்பது வயது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஸ்டீபனோடு சேர்ந்து, டிராக் ரேஸுக்காக ஒரு பழைய ஜப்பானிய ரோட்டரி எஞ்சினை இரண்டு வருடமாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். நேரான ஓடுதளம், கால் மைல் தூரம், இரண்டு கார்கள், முதலில் கடப்பவருக்கு வெற்றி. அவ்வளவுதான் டிராக் ரேஸ். "ஒரு தடவை வந்து பாருக்கா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். சென்னையிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். நான் போகவில்லை.

ஏப்ரலில் ஸ்டீபன் போன் செய்தார். "அக்கா, வர்ற சனிக்கிழமை ஸ்டார்ட் பண்றேன். நீங்க வராம சாவியத் திருப்ப மாட்டேன்."

கோயம்பேட்டில் காலை 5.40க்கு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்து. மரக்காணத்துக்கு டிக்கெட் 42 ரூபாய். கடலுக்காக எல்லோரும் இடது பக்க ஜன்னலுக்குப் பாய்வார்கள். நீங்கள் வலது பக்கம் உட்காருங்கள். ஊர் வருவதற்கு முன்பே உப்பளங்கள் அந்தப் பக்கம்தான் தொடங்குகின்றன. 8.35க்கு இறங்கினேன். பட்டறைக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 25 ரூபாய்.

"ஸ்டீபன் லேத்தா? ரேஸ் மோட்டாரு வச்சிருக்காரே, அவருதானம்மா?" என்றார் ஆட்டோக்காரர். "அது எந்த மாசம் ஓடும்னு ஸ்டாண்டுல பெட்டு கட்டியிருந்தோம்."

"யாரு ஜெயிச்சீங்க?"

"எங்கம்மா, இன்னும் ஓடவே இல்லியே!"

சிரித்துவிட்டேன். சுகுமாரின் அக்கா என்று அவரிடம் சொல்லவில்லை.

பட்டறையின் பின்சுவரை ஒட்டியே பாத்திகள். ஏப்ரல் வெயிலில் ஒன்பது மணிக்கே வெண்மை கண்ணைக் குத்தியது. வாசலில் ஓர் அம்மாள் தன் டீசல் பம்பு ரிப்பேராகிவர உட்கார்ந்திருந்தார். பெயர் பச்சையம்மா, குத்தகைக்கு நான்கு பாத்தி போட்டிருக்கிறாராம். "ரெண்டு வருசமா ஒரே மோட்டார ரிப்பேர் பண்றாங்கம்மா, இன்னும் ஒரு பாத்திக்குத் தண்ணி ஏறல" என்றார் என்னிடம். "ஏம்பா ஸ்டீபனு, இது தண்ணி எறைக்குமா எறைக்காதா?"

"எறைக்காது ஆயா. பறக்கும்."

"அப்ப எம் பம்ப மொதல்ல பாரு. அது பறக்க வேணாம்."

எஞ்சின் ஓர் இரும்புத் தாங்கியில் நின்றது. ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவச் சுழலி ஒன்று அறைக்குள் சுழல்கிறது. இதில் இரண்டு அறைகள். அறைகளின் பக்கவாட்டில் கனமான இரும்புத் தகடுகள். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வாசல் அந்தத் தகடுகளில் இருக்கிறது. வாசலை அரைத்துப் பெரிதாக்கினால் காற்று அதிகம் வரும், குதிரைசக்தி கூடும். ஆனால் வாசலின் சுவருக்கு அந்தப் பக்கம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. ஆசைப்பட்டு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அரைத்தால் போயிற்று, சுவர் ஓட்டையாகித் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

பின் தகட்டைச் சுகுமார் முடித்துவிட்டுப் போயிருந்தான். அவன் வெட்டி வைத்திருந்த தகர அச்சைக்கொண்டு முன் தகட்டை ஸ்டீபன் அரைத்திருக்கிறார். உப்புக் காற்றில் தேய்த்த இரும்பு ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும் என்பதால், தம்பியின் தகட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒன்பது மாதம் வீட்டுப் பீரோவில் வைத்திருந்தாராம். "துணிமணியெல்லாம் எஞ்சின் ஆயில் வாசனை. எங்க வீட்ல ஒரு வார்த்தை சொல்லல" என்றார்.

11.20க்கு சாவியைத் திருப்பினார். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது.

சுகுமார் போனில் இந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவான். படபட, படபட, நடுவில் ஒரு திக்கல், மறுபடி படபட. நாற்பதை நெருங்கும் ஆள் செய்கிற காரியமா என்று நான் போனை வைத்துவிடுவேன். அன்று கேட்டது அச்சு அசலாக அதே சத்தம். அந்தத் திக்கல்கூட. அவன் மிகைப்படுத்தவே இல்லை. பச்சையம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஸ்டீபன் என்னைப் பார்த்தார். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது நிமிடத்தில் புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக வரத் தொடங்கியது. முதலில் எண்ணெய் எரிகிறது என்று ஸ்டீபன் நினைத்தார். வெண்மை கூடியது. ரேடியேட்டர் வாயில் குமிழிகள் கொதித்து வந்தன. சட்டென்று அணைத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். முன் அறையின் பிளக்குகள் காய்ந்திருந்தன. பின் அறையின் பிளக்குகளில் தண்ணீர்.

பின் தகடு, தம்பியுடையது.

ஸ்டீபன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் தகட்ட பிரஷர் வச்சி டெஸ்ட் பண்ணேன்க்கா. மூணு வாட்டி. அவன் தகட்ட மட்டும் பண்ணல. அவன் செஞ்சத நான் செக் பண்றதான்னு கை வரல. செத்தவன சந்தேகப்படுற மாதிரி இருந்திச்சி. என் தப்புக்கா."

நான் அவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் சுகுமார் போன் செய்து, "அக்கா, அரைக்கும்போது ஒரு இடத்துல மட்டும் சத்தம் மாறுது" என்றான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "ஞாயித்துக்கெழம பேசலாம்டா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வேறு ஏதோ பேசினான். நானும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் அவன் இல்லை. அந்த வாக்கியம் ஸ்டீபனுக்குத்தான் வேண்டியது; அவரிடம் சொல்லத் தோன்றவே இல்லை எனக்கு.

ஸ்டீபன் ஈரமான பிளக்கைத் துணியில் துடைத்தார். "சுவரு மெலிஞ்ச எடத்துலதான் சத்தம் மாறும். எங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டிருப்பான்" என்றார். "நான் கிண்டல் பண்ணுவேன்னு."

பிறகு ஒரு யோசனை சொன்னார். ஓட்டையைப் பசை வைத்து அடைக்கலாம். ரேஸில் தாங்காது. மெதுவாக ஓட்டினால் தாங்கும். "அவன் கைபட்டது அப்படியே இருக்கட்டுங்க்கா. வருசா வருசம் அவன் போன நாளுக்கு ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்."

"மெதுவா ஓட்டவா ரெண்டு வருஷம் அரைச்சான்?" என்றேன். "கழட்டிடுங்க ஸ்டீபன். வேற தகடு போடுங்க."

இதைச் சொன்னபோது என் குரல் சரியாகத்தான் இருந்தது.

கழற்றி முடிக்க மூன்றரை மணி ஆயிற்று. பச்சையம்மா பம்பை மறந்துவிட்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பாதையில் நீர் நிரப்பிக் காற்றழுத்தம் கொடுத்தபோது, வாசல் சுவரில் கடுகளவு நீர் துளிர்த்தது. அவ்வளவுதான் ஓட்டை. ஸ்டீபன் அதைத் துடைத்தார். மறுபடி துளிர்த்தது.

திரும்ப 5.05 பேருந்து. தகடு பன்னிரண்டு கிலோ, சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். லக்கேஜுக்கு எட்டு ரூபாய். "என்னம்மா அது?" என்ற நடத்துநரிடம் "இரும்பு" என்றேன்.

போன வாரம் ஸ்டீபன் போன் செய்தார். நான் எடுத்ததுமே போனை எஞ்சின் பக்கம் நீட்டினார். புதுத் தகட்டில் இருபது நிமிடம் ஓடியது, புகை இல்லை என்று பிறகு சொன்னார். முழுவதும் கேட்டேன்.

போகிறவர்களுக்கு: ஜனவரிக்குப் பிறகு, மழை தொடங்குமுன் போங்கள். காலை ஏழு மணிக்கு முன் உப்பு வாரும் வேலையைப் பார்க்கலாம். பாத்தியின் வரப்பில் கேட்காமல் இறங்காதீர்கள். குடிதண்ணீர், தொப்பி கட்டாயம். கேமராவை அன்றே துடைத்து வையுங்கள், உப்புக் காற்று காத்திருக்காது. கடைசிப் பேருந்துக்காக நிற்காமல் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

தகடு என் மேசைக்குக் கீழே இருக்கிறது. வாரம் ஒரு முறை எண்ணெய் தடவச் சொன்னார்; தடவுகிறேன். சில சமயம் வீட்டுச் சாவியால் வாசல் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டே வருவேன். அவன் சொன்னது சரிதான். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மாறுகிறது.