'தெரியாது' என்று எழுதிய சேகர்

சேகர் போய்விட்டார்.

இன்று காலை அவருடைய தங்கை மகன் போன் செய்தான். செங்கம் வீட்டில் தனியாகத்தான் இருந்தார்... கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. யாராவது பேர் கேட்டாலே குரல் எழும்பாது. செங்கத்தில் வெள்ள எச்சரிக்கை ஆபீஸ், ஒரே கம்ப்யூட்டர். புரோகிராம் எழுத நானும் சேகரும்.

ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து மழை அளவை ஒயர்லெஸ்ஸில் சொல்வார்கள். அளவு கூடினால் ஆற்றங்கரை ஜனங்களை மேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மலையிலிருந்து தகவலே வராவிட்டால்? பூஜ்யம் என்று எழுதி வைத்திருந்தேன்.

சேகர் சிரித்தார். "இன்னாங்க இது? பேச்சு வர்லன்னா மழையே இல்லன்னு ஆயிடுமா? இடி வுழுந்து ஒயர்லெஸ்ஸே போயிருந்தா?"

பூஜ்யத்தை எடுத்துவிட்டு 'தெரியாது' என்று வைத்தார். தெரியாது என்றால் ஆபத்து. அதை வைத்தே புரோகிராம் முழுவதையும் மறுபடி கட்டினோம்.

முதல் தடவையே மானம் போனது. மலையில் ஒயர்லெஸ் பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். கொளுத்துகிற வெயிலில் ஜனங்கள் ஆடு கோழியோடு மேடேறினார்கள். ஒரு அம்மா ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

"மொளகா காயப் போட்ருந்தேன்யா, அதையும் மூட்ட கட்ட வெச்சிட்டீங்களே! எங்கய்யா உங்க வெள்ளம்?"

அதிகாரி கத்தினார். "பூஜ்யமே போடுப்பா. ஊரே சிரிக்குது."

"மாட்டேன் சார். தெரியாதத தெரியும்னு எப்டி எழுதறது? வேணும்னா என்னத் தூக்கிடுங்க."

சொன்னது சேகர். நான் பக்கத்தில்தான் நின்றேன்... வாய் திறக்கவில்லை.

ஐப்பசியில் மறுபடி மலை பேசவில்லை. செங்கத்தில் தூறல்கூட இல்லை. சேகர் மாற்ற விடாத புரோகிராம் 'தெரியாது' என்றது. ஜனங்கள் எங்களைத் திட்டிக்கொண்டே மேட்டுக்குப் போனார்கள்.

மதியம் ஆற்றில் வெள்ளம் வந்தது. மிளகாய்க்காரம்மாவின் வீடு இடிந்து போவதை அவள் மேட்டில் நின்று பார்த்தாள். பக்கத்தில் சேகர்.

ரிட்டயர் ஆனபிறகு தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வரும். பூப்படம் எல்லாம் கிடையாது. "இன்னாங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று அனுப்புவேன்.

போன வாரத்திலிருந்து வரவில்லை.

ரீசார்ஜ் பண்ண மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்...

நான் இருக்கேன் சேகர். நீங்க போய்ட்டு வாங்க.