பன்னிரண்டு பிடி உப்பு

போன மாதம் பேத்தி என்னைச் செபராங் ஜெயாவில் ஒரு பேரங்காடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் காலுக்குச் சப்பாத்து வேண்டும், எனக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். நாற்காலிக்குப் போகும் வழியில் ஒரு பெண் சவுக்காரக் கட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கட்டியும் தாள் சுற்றி, சணல் கயிறு கட்டி, கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி, கையால செஞ்ச சோப்பு லா. சும்மா மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். வெளிர் மஞ்சள் கட்டிக்குள் சிவப்பாக ஏதோ பொடிப்பொடியாக இருந்தது. "மிளகாயா, தங்கச்சி?" என்று கேட்டேன். ரோஜா இதழாம். அந்தப் பெண் என் பேத்தியைப் பார்த்தாள். பேத்தி தரையைப் பார்த்தாள். கிழவியைக் கடைக்கு அழைத்து வந்தால் இதெல்லாம் உண்டு என்று அவள் முகம் சொன்னது.

நான் கேட்டதில் நியாயம் இருந்தது. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உலகத்திலேயே முதன்முதலாக மிளகாய் போட்டுச் சவுக்காரம் காய்ச்சிய வகுப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் அதற்கு டீச்சர்.

ஜப்பான்காரன் காலம் அது. எனக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தை மூடியதில் என் படிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. ஆண்களையெல்லாம் ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ரப்பர்த் தோட்டங்களில் வேலை இல்லை. நிபோங் திபால் பக்கத்திலிருந்து பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடல் தாண்டி எங்கள் பினாங்குத் தீவுக்கு வந்தார்கள். வந்தவர்களின் பிள்ளைகள் கடை வரிசைகளுக்கு முன்னால் கூரை போட்டிருக்குமே, நாங்கள் அஞ்சடி என்போம், அந்த நடையில் சாக்கை விரித்துக் கிடந்தன. பசாரில் அழுகின காயைப் பொறுக்கின.

கோயில் மடத்துக்கு ஒரு காரியதரிசி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கிராணி, அதாவது குமாஸ்தா. வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு விடுதி தேடி அலைந்து அலுத்துப்போய் ஒருநாள் சொன்னார்: "எத்தினை பிள்ளையளுக்கு நான் இடம் தேடுறது? தாய்மாருக்கு ஒரு தொழில் பழக்கிவிட்டால் பிள்ளையள் தாயோடயே இருக்குங்கள்." பிறகு, மடத்தில் கூடமாட உதவிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உமக்குச் சவர்க்காரம் காய்ச்சத் தெரியுமோ?"

அந்த நாளில் சவுக்காரம் கிடையாது. அரிசி இல்லாததற்கு மரவள்ளி இருந்தது; சவுக்காரம் இல்லாததற்கு ஒன்றுமில்லை. ஊரே ஒரு வாடையில் இருந்தது. காய்ச்சத் தெரிந்தவள் பிழைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியுமா என்றால், பள்ளிக்கூடத்து மனையியல் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்திருந்தேன். அதிலும் கீழ்ப்பாதி கிழிந்திருந்தது. "தெரியும், ஐயா," என்றேன். பதினெட்டு வயதில் பாதிப் பக்கம் என்பது முழுப் புத்தகம்.

ஒன்பது பெண்கள் மடத்துக்கு வந்தார்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த 'டீச்சரி'ல் எவ்வளவு கிண்டல் என்பது அன்றன்றைய சவுக்காரத்தைப் பொறுத்தது. தேங்காய் மட்டையை எரித்துச் சாம்பலாக்கி, தண்ணீர் ஊற்றி வடிப்போம். அந்தச் சாம்பல் தண்ணீரில் கோழிமுட்டை மிதந்தால் காரம் போதும் என்று கிழியாத பாதியில் இருந்தது. முட்டைக்கு எங்கே போவது? காரியதரிசி தன் வீட்டு முட்டை ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார். மிதக்கிறதா என்று பார்ப்போம். கழுவித் துடைத்துத் திருப்பித் தருவோம். ஒரே முட்டை இரண்டு வாரம் வகுப்புக்கு வந்தது. வருகையில் குறை சொல்ல முடியாத மாணவி அது ஒன்றுதான்.

காரம் சரி, எண்ணெய் சரி. மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றி நாளெல்லாம் கிண்டுவோம். வருவது என்னவோ கூழ். ஆறவைத்தாலும் கூழ், வெயிலில் வைத்தாலும் கூழ்.

"டீச்சர், இதுல குளிக்கணுமா, இதக் குடிக்கணுமா?" என்று கேட்டவள் பாக்கியம்.

பாக்கியம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். எதையும் தோட்டத்துப் பேச்சில்தான் சொல்வாள். வகுப்புக்கு வருவதைப் 'பெரட்டுக்கு வர்றேன்' என்பாள்; விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. நான் கோபப்பட்டால், 'கங்காணிக்கு இன்னைக்குக் காலைலயே வெயில் ஏறிப்போச்சு' என்பாள். சயாமுக்குப் போன புருஷனைப் பற்றிக் கேட்டால், 'இன்னும் பெரட்டுல பேரு கூப்பிடல' என்பாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் நெஞ்சுச்சளிக்காரன். சின்னவள் ஐந்து வயது, எல்லாருக்கும் குட்டி.

பாலிக் புலாவில் தென்னந்தோப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதிக்குப் பிள்ளை இல்லை. குட்டியைத் தங்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஆள் விட்டிருந்தார்கள். பாக்கியமும் சம்மதித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. "அங்க மரவள்ளி இருக்கு, தேங்கா இருக்கு, டுரியான் இருக்கு. இங்க என்ன இருக்கு, டீச்சரோட கூழுதான் இருக்கு," என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் டின்னில் மறுபடியும் கூழ். நான் மடத்துக்குப் பின்னால் போய் அழுதேன். திரும்பி வந்தால், பாக்கியம் மடியில் உப்பைக் கட்டிக்கொண்டு டின்னைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாள்.

"கண்ணு பட்டுருக்கு டீச்சர். வேற ஒண்ணுமில்ல."

உப்பு, ஒன்பது பேரில் கடல் தண்ணீர் காய்ச்சுகிற வேலாயி கொண்டு வந்தது. ஒருத்தர் கண்ணுக்கு ஒரு பிடி என்று கணக்கு. ஒன்பது பெண்களுக்கு ஒன்பது. "ஒன் கண்ணு எதுக்கு அதுல?" என்று வேலாயி கேட்டதற்கு, "என் கண்ணுதான் இருக்கறதுலயே பொல்லாதது," என்றாள் பாக்கியம். எனக்கு ஒன்று, குடைக்காரருக்கு ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம் காவல் நிற்கிற ஜப்பான் சிப்பாய் அடிக்கடி எட்டிப் பார்ப்பான், அவனுக்கும் ஒன்று. பன்னிரண்டு பிடி. கூடவே நாலு காய்ந்த மிளகாய். அந்த நாளில் நாலு மிளகாய் என்பது நகைக்குச் சமானம்.

சுற்றியதை அடுப்பில் போடுவதுதானே வழக்கம். போடப் போனவளை வேலாயி தடுத்தாள். "அடியே, மிளகா நெடி வேலி தாண்டுச்சுன்னா அவன் தும்மிக்கிட்டே உள்ள வருவான். வந்து அறைஞ்சா யாரு கன்னத்தக் குடுக்கறது?"

பாக்கியம் யோசித்தாள். "கண்ணு பட்டது டின்னுக்குத்தான? மருந்தும் டின்னுக்கே போகட்டும்." உப்பையும் மிளகாயையும் கொதித்துக்கொண்டிருந்த கூழில் கொட்டி, இரண்டு கிண்டு கிண்டிவிட்டுப் போனாள். நான் தடுக்கவில்லை. கெட்டுப்போன கூழில் இன்னும் கெட என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை டின்னைத் திறந்தால் மேலே ஒரு பாளம். விரலால் குத்தினேன், விரல்தான் மடங்கியது. கீழே கறுப்புத் தண்ணீர், மேலே கெட்டியான சவுக்காரம், அதில் அங்கங்கே மிளகாய் விதை. கிழிந்த பாதியில் இருந்தது உப்புதான் என்று பல வருஷம் கழித்து வேறொரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்கு, "நான் எதிர்பார்த்ததுதான்," என்றேன்.

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே, டீச்சர்," என்றாள் பாக்கியம்.

துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே பாலிக் புலாவ் அக்கா வந்துவிட்டார். புருஷனைச் சைக்கிளோடு வாசலில் நிறுத்திவிட்டு ஒரு கூடையோடு உள்ளே வந்தார். கூடையில் மரவள்ளி, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், திரைச்சீலைத் துணியில் தைத்த பூப்போட்ட கவுன். பாக்கியம் குட்டியின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"குளிப்பாட்டிப் புதுசு போட்டுக் கூட்டிப் போறேம்மா," என்று அக்கா மெதுவாகச் சொன்னார். கையில் அகப்பட்ட சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு குட்டியைக் குழாயடிக்குக் கூட்டிப் போனார். எங்களில் ஒருத்திக்கும் மிளகாய் ஞாபகம் வரவில்லை.

முதலில் அக்காவின் குரல்: "ஐயோ, நுரைக்குதே. ஒரு வருசமாச்சு நுரையப் பாத்து." அதற்கடுத்துக் குட்டியின் அலறல். காவல்காரச் சிப்பாய்கூட வேலிமேல் எக்கிப் பார்த்தான். குட்டி நுரையும் உடம்புமாக மடத்துக்குள் பாய்ந்து, காரியதரிசியின் வேட்டியில் முகத்தைத் துடைத்து, கண் தெரியாமல் இரண்டு பெண்களைத் தடவிப் பார்த்து இது இல்லை என்று தள்ளிவிட்டு, மூன்றாவதாகப் பாக்கியத்தின் காலைக் கட்டிக்கொண்டது. பிறகு எடுக்க முடியவில்லை. உடும்பு.

பின்னாலேயே வந்த அக்கா இதைப் பார்த்தார். அவர் கண்ணிலும் நீர். துடைக்கக் கையைக் கொண்டுபோனார், கையெல்லாம் மிளகாய். கண் துடைக்கிறேன் என்று போன வேலாயியின் கையிலும் அதே சவுக்காரம். அரை மணி நேரம் மடமே அழுதது. யார் எதற்கு அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. காரியதரிசி குடையை விரித்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அக்கா," என்றாள் பாக்கியம், கண்ணைத் திறக்காமலே. "சவுக்காரம் எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். பிள்ளைய மட்டும் கேக்காதீங்க."

அக்கா மூக்கைச் சிந்தினார். கூடையிலிருந்து கவுனை எடுத்து, பாக்கியத்தின் காலோடு ஒட்டிக்கொண்டிருந்த குட்டிக்குத் தலை வழியாக மாட்டினார். "தச்சது தச்சாச்சு. நானா போட்டுக்க முடியும்?" என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். "வாராவாரம் எண்ணெய் கொண்டாரேன். மிளகா இல்லாம செய்யுங்க."

அப்படித்தான் நடந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேரின் பிள்ளைகள் தாயோடு இருந்தார்கள். ஒருத்தி மட்டும் மகனை விடுதியில் விட்டாள். சண்டை முடிந்ததும் முதல் வேலையாகப் போய்க் கூட்டி வந்தாள். பாக்கியத்தின் புருஷன் பேரைக் கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான்; அவனோடு கப்பலில் வாசனைச் சவுக்காரமும் வந்தது. எங்கள் கட்டியைத் தேடி வந்தவர் பாலிக் புலாவ் அக்கா ஒருவர்தான். டுரியான் பருவத்துக்கு ஒரு தடவை, கூடை நிறையப் பழத்தோடு வருவார், குட்டிக்கென்று. பெரியவளான பிறகும் குட்டி அவரைப் பாலிக் புலாவ் அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

இப்போது அக்கா இல்லை, பாக்கியம் இல்லை. குடையும் முட்டையும் இல்லை. மடம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

அந்த ரோஜா இதழ்க் கட்டியை வாங்கி வந்து அன்றே முகம் கழுவினேன். கழுவிவிட்டு, நிபோங் திபாலில் பேரன் பேத்தியோடு இருக்கிற குட்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எரிஞ்சிச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அப்ப அது சும்மா வாசனை," என்றாள்.