குளிருக்கு ஏற்ற மவுத்பீஸ்

எங்கள் பாண்டில் ரியூபா ஊதியவனுக்கு மூச்சுக் குறைந்துகொண்டு வருவதை முதலில் கவனித்தவன் நான்தான். நான் ரொம்போன்காரன், அவனுக்குப் பக்கத்துக் கதிரை. நீளமாகப் பிடிக்க வேண்டிய அடிச்சுரத்தை நடுவில் வெட்டி, களவாக ஒரு மூச்சு எடுத்தான். அடுத்த கிழமை அதே வரியில் இரண்டு மூச்சு. கேட்டால் “தடிமன் அண்ணை” என்பான். என்னைவிட எவ்வளவோ இளையவன். அந்தப் பெரிய பித்தளைக் குடத்தை சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வேயில் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு, கோடையிலும் விடாத தடிமன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஊரில் மாதா கோயில் பாண்டுகளில் ஊதித் திரிந்த கொஞ்சப் பேர், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு கோயிலின் பேஸ்மென்றில் சனிக்கிழமைகளில் கூடுவோம். கோடையில் திருநாள் பவனிக்கு வாசிப்போம். பாண்ட்காரன் ஒருவன் செத்தால் அவனைப் பாண்டோடுதான் கொண்டுபோக வேண்டும், குழி மூடும்வரை ரியூபாவின் பாஸ் நிற்கக் கூடாது என்பது எங்கள் கரைப்பக்கத்து வழக்கம். மேளம் நிற்கலாம், கிளாரினெற் நிற்கலாம், பாஸ் நிற்கக் கூடாது. அது ஏன் என்று சின்ன வயதில் கேட்டபோது, “உன்ர முறை வரேக்க தெரியும்” என்றார்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்தக் கோடையின் கடைசித் திருநாள் முடிந்த கையோடு ரியூபாக்காரன் சொன்னான். “அண்ணை, நீங்களும் ரியூபா பழகி வையுங்கோ.”

“ரொம்போன் இழுக்கிறவனை உந்தக் குடத்தைத் தூக்கச் சொல்லுறியோ? உனக்கென்ன, ஊருக்குப் போற எண்ணமோ?”

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வாத்தியத்தை எடுக்க அவன் வீட்டுக்குப் போன அன்று, மனைவி லிப்ற் வரைக்கும் என்னோடு வந்தாள். “ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை எண்டு எனக்கும் சொல்லுறாரில்லை. உங்களிட்டையாவது சொன்னவரோ அண்ணை?” என்று கேட்டாள். இல்லை என்றேன். லிப்ற் கதவு மூடும்போது அவள் அப்படியே நின்றாள்.

இரண்டும் பித்தளைதான், இரண்டும் அடிக்குரல்தான். ஆனால் வாய் வேறு. ரொம்போனுக்கு உதட்டை இறுக்க வேண்டும், ரியூபாவுக்குத் தளர விட வேண்டும். அவனுடைய மவுத்பீஸின் கிண்ணம் ஆழம் கூடியது. நான் ஊதிய காற்றெல்லாம் அதற்குள் போய் அடங்கிவிட்டது. திரும்பி ரொம்போனை எடுத்தால் அதிலும் சுரம் வழுகியது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலை. “உங்கட வாய்க்கு வேற மவுத்பீஸ் வேணும்” என்று சொல்லி, நகரத்து இசைக்கருவிக் கடை ஒன்றுக்கு அவனே என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

கடைக்காரர் ஒரு தட்டில் பலதைப் பரப்பி, ஒரு ரியூபாவையும் தந்து, எங்களைப் பின்னாலிருந்த சின்ன அறையில் விட்டார். மாற்றி மாற்றி ஊதினேன். வெள்ளி பூசிய ஒன்று என் உதட்டுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. விளிம்பின் வளைவு ரொம்போனுடையதைப் போலவே, கிண்ணம் அளவான ஆழம். சத்தம் அந்த அறையை நிறைத்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவன் தலையாட்டினான். பிறகு தட்டின் ஓரத்தில் கிடந்த கறுப்புப் பிளாஸ்ரிக் மவுத்பீஸ் ஒன்றை எடுத்து நீட்டி, அதையும் என்னை ஊத வைத்தான்.

“இதை எடுப்பம்.”

“உது விளையாட்டுச் சாமான். சத்தத்தைக் கேட்டனியோ? மந்தமாய்க் கிடக்கு.”

“வெளியில ஊத உதுதான் நல்லம் அண்ணை. குளிருக்க உலோகம் சொண்டில ஒட்டிப்போடும்.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பவனி எல்லாம் கோடையில். ரொறன்ரோவில் பனிக்குள் நின்று எங்கள் பாண்ட் ஊதுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். குழியோரத்தில் அப்படி ஓரிரு முறை நின்றிருக்கிறோம்.

“ஆரின்ர செத்தவீட்டுக்கு?” என்றேன்.

கைலேஞ்சியால் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “தை, மாசிக் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சுக்குள் இருந்த பயம் முழுவதும் கோபமாக மாறியது. காசைக் கட்டிவிட்டு அவனுக்கு முன்னாலேயே வெளியில் நடந்தேன். சப்வேயில் அந்தக் கறுப்புச் சாமான் என் ஜக்கெற் பையில் கிடந்து தொடையில் இடித்தது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவன் ஜக்கெற்றைக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து இருப்பான். ஒரே பாட்டைத்தான் பழகச் சொன்னான், அடக்கத்துக்கு வாசிக்கிற பாட்டு. எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் பழகி முடிக்கும்வரை இவன் போக முடியாது. மடத்தனம்தான். ஆனால் அந்த மாதங்களில் நான் செபத்தைவிட அதைத்தான் நம்பினேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வரியின் முடிவில் வேண்டுமென்றே வால்வைப் பிழையாக அழுத்தினேன். கிளாரினெற்காரர் பல்லைக் கடித்தார். நான் சட்டை செய்யவில்லை.

முதல் பனி விழுந்த சனிக்கிழமை, மற்றவர்கள் தேநீருக்கு மேலே போய்விட்டார்கள். பேஸ்மென்றில் நாங்கள் இரண்டு பேர். அவனுடைய மூச்சு எனக்குக் கேட்டது, ஈரச் சீலையைக் கிழிக்கிறதுபோல. நான் ஊதினேன், அதே இடத்தில் பிழை விட்டேன். அவன் கையை நீட்டி, வால்வில் இருந்த என் விரல்களைப் பொத்தினான்.

“அண்ணை, பழகிற ஆளுக்குப் பிழை ஒவ்வொருக்கா ஒவ்வொரு இடத்தில வரும். உங்களுக்கு ஒரே இடத்தில வருது.”

நான் மற்றக் கையால் வாயைத் துடைத்தேன்.

“ஒருக்கா முழுசாய் ஊதுங்கோ. இப்ப ஊதுங்கோ. அண்டைக்கு நீங்கள் ஊதேக்க எனக்குக் கேக்காது.”

கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான் மவுத்பீஸை உதட்டில் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு பிழையும் இல்லாமல் ஊதினேன்.